எக்ஸ்ரே மாமாவின் மங்கல் லென்ஸ்

எங்கள் வீட்டில் ஒரு முட்டையை யாரும் நினைத்த மாத்திரத்தில் உடைத்துவிட முடியாது. மாமா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ம், பரவாயில்ல" என்று சொன்ன பிறகுதான் அது வாணலிக்குப் போகும். தபாலில் வரும் உறை, துவைத்துக் காய்ந்த சட்டை, குழந்தையின் பால் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். கல்யாணமான புதிதில், ஒருநாள் என்னையும் அப்படித் தூக்கிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. முப்பத்துநான்கு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே எக்ஸ்ரேதான். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த அறையைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஈயத்தகடு வைத்த கனத்த கதவு, அதன்மேல் ஒரு சிவப்பு பல்ப், ஆணியில் தொங்கும் ஈய அங்கிகள், நடுவில் சில்லென்ற ஒரு மேஜை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஒரு சின்னத் திருட்டுமுழியோடு போவார்கள். தங்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாதல்லவா.

அங்கே அவர் பேசிய பேச்சு மொத்தமும் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." பிறகு பொத்தான். பிறகு, "மூச்சு விடலாம்." நாளுக்கு அறுபது எழுபது தடவை. ஒரு தடவை கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்தபோது ஒரு பெரியவர் முகமெல்லாம் நீலம் பாரித்து அப்படியே நின்றுகொண்டிருந்தாராம். மாமா சொல்வதில் பாதி உண்மை, பாதி சரடு. இது எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.

ஆனால் சடை விஷயம் சரடு இல்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், பின்னிய சடையை முன்பக்கம் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றேன். அப்போது என் சடை இடுப்பைத் தாண்டும். கொஞ்சம் கர்வமும் உண்டு. மாமா வந்தார், பார்த்தார், "சடையைப் பின்னால போட்டுக்கம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வந்த அன்றைக்கே அதிகாரமா! கணவரிடம் கோபமாகப் போய் நின்றேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்குகிறவர். எதையும் அளந்துதான் பேசுவார். அவர் நாலே வாக்கியத்தில் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாமா வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பெண், டீச்சர் வேலை கிடைத்து, சேருவதற்கு முன்னால் நெஞ்சுப் படம் எடுக்க வந்திருக்கிறார். மாமா அவசரத்தில் அவருடைய சடையைத் தூக்கிக் கட்டச் சொல்லவில்லை. அது தோள்மேல் கிடந்தபடியே படத்தில் விழுந்துவிட்டது. நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல். பார்த்த டாக்டர் அதைக் காசநோய் என்று எழுதிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஒன்றரை மாதம் மாத்திரை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. மறுபடி படம் எடுத்தபோது நுரையீரல் சுத்தமாக இருந்தது. எடுத்தது வேறு ஆள், சடையைத் தூக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் மாமாவைத் தேடி வந்திருக்கிறார். சண்டை போடவில்லை. கதவருகே நின்று, "என் சடைதானா சார்? வேற ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டாராம். அப்போது முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாராம்.

அன்றிலிருந்து மாமாவுக்கு ஒரே சட்டம். யாரையும் பயமுறுத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை எடு. அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சடையைப் பின்னால் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர் ஆறு மாதம் வீட்டில் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். பிறகு ஒரு பழைய கேமரா வாங்கினார். சரி, நிழல் பார்த்த கண்ணுக்கு ஒரு வேலை வேண்டும்தானே என்று விட்டுவிட்டோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் கேமரா ரிப்பேர்காரர் அவருக்குச் சிநேகிதரானார். அங்கேதான் அந்த லென்ஸைக் கண்டெடுத்தார். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் என்று பெயராம். அதன் வளையத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் எல்லாம் கசிந்து, வெளிச்சம் உள்ள இடமெல்லாம் பூத்துப் பரவும். மறுபக்கம் திருப்பத் திருப்பச் சாதாரண லென்ஸ் மாதிரி தெளிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் படத்தைக் காட்டினார். என் மகள் பட்டாணி. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பிறந்தபோது இருந்த உருண்டை முகத்துக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன மாமா இது, கொதிக்கிற தண்ணிப் பக்கத்துல மூக்குக் கண்ணாடி போட்டுட்டு நின்ன மாதிரி இருக்கு" என்றேன்.

"அதுக்குத்தாம்மா இந்த லென்ஸே. தெரியாம வந்த குறை இல்ல, வேணும்னே வச்ச குறை."

"முப்பத்துநாலு வருஷம் தெளிவா எடு, தெளிவா எடுன்னு உயிரை விட்டுட்டு, இப்ப போய் மங்கலா எடுக்கறீங்களே."

"முப்பத்துநாலு வருஷமா எல்லார்கிட்டயும் உள்ளே என்ன இருக்குன்னே பாத்தாச்சு. இனிமே கொஞ்சம் மேலோட்டமா பாக்கறேனே" என்றார்.

நான் ஒரு பார்சல் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறேன். காணாமல் போன பெட்டிக்கும் நசுங்கிய பெட்டிக்கும் நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நான் திட்டுவது வழக்கம். மாமா அதற்குப் பழகியவர். ஆனால் அவ்வப்போது இப்படி ஒன்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்.

பட்டாணிக்குத் தாத்தா படம் எடுப்பது பெரிய விளையாட்டு. பழக்கதோஷத்தில் அவர் கேமராவைத் தூக்கியதும், "மூச்சை இழு, பிடி, அசையாதே" என்பார். அவள் உடனே இரண்டு கன்னத்தையும் உப்பலாக ஊதி வைத்துக்கொள்வாள். மூக்கு வழியாகத் தாராளமாக மூச்சு போய் வந்துகொண்டிருக்கும். அது அவளுக்குக் கணக்கில்லை. கன்னம் உப்பினால் மூச்சைப் பிடித்தாயிற்று. தாத்தா "விடலாம்" என்று சொன்னால்தான் புஸ்ஸென்று விடுவாள். சொல்லாமல் கொஞ்சம் போக்குக் காட்டினால் கையால் சைகை செய்வாளே தவிர, தானாக விடமாட்டாள். ஆக, அந்த லென்ஸில் அவளை எடுத்த படம் முழுக்க ஒரு உப்பிய கன்னக்காரிதான், சுற்றிலும் ஒளி பரவ உட்கார்ந்திருப்பாள். சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தன.

அது ஒரு சனிக்கிழமை மதியம். மழை மூட்டம். கூடத்தில் விளக்குப் போட்டும் வெளிச்சம் போதவில்லை. மாமா கேமராமேல் ஃப்ளாஷை மாட்டிக்கொண்டு பட்டாணியை ஜமக்காளத்தில் உட்கார வைத்துப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார். வழக்கமாக எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் போட்டு, "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க" என்று வீட்டைக் கூட்டுவார். அன்று கூப்பிடவில்லை. நான் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, திரையை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, சரியா வரலையா?"

"இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார்.

மறுநாள் முழுக்க எடுத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு எடுத்தார், திறந்துவிட்டு எடுத்தார். அந்த லென்ஸைக் கழற்றிச் சாதாரண லென்ஸை மாட்டி எடுத்தார், மறுபடி இதை மாட்டினார். என்னை உட்கார வைத்து எடுத்தார். லீவு நாளில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவரை எழுப்பி உட்கார வைத்து எடுத்தார். பட்டாணியின் பொம்மையைக்கூட விடவில்லை. "கதவைப் பாரு. இப்ப என்னைப் பாரு. மறுபடி கதவைப் பாரு." குழந்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "போதும் மாமா! இப்படி ஃப்ளாஷை அடிச்சுக்கிட்டே இருந்தா அதோட கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

கண் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நான் கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என் கத்தலால்தான் என்று நினைத்து, சமாதானமாக இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் புத்தி போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், என் அக்காவுக்குப் பட்டாணியின் புதுப் படம் ஒன்று அனுப்பலாமென்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். மாமா ஒவ்வொரு நாள் படத்தையும் தேதி போட்டுத் தனித்தனியாக வைப்பார். அன்று தேதியில்லாமல் ஒன்று இருந்தது. பெயர் 'மறுபடி'. திறந்தேன். நூற்று நாற்பத்திரண்டு படம். முதலில் எதுவும் புரியவில்லை. எல்லாப் படத்திலும் பட்டாணியின் முகத்தை வெட்டி, பெரிதாக்கி, இடது கண்ணை மட்டும் வைத்திருந்தார். கண், கண், கண். அதில் ஐந்து படத்துக்கு மட்டும் நட்சத்திரக் குறி. அந்த ஐந்திலும் கண்ணின் கருமணி கறுப்பாக இல்லை. வெள்ளையாக இருந்தது. அந்த மங்கல் லென்ஸ் புண்ணியத்தில் நாலு படத்தில் அந்த வெள்ளை கண்ணையும் தாண்டிக் கன்னம் வரை கசிந்திருந்தது.

மாமா என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன மாமா இது?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் படத்தைக் கொடுக்கும்போது பேசுகிற தொனி அவருக்கு ஒன்று உண்டு. ஏற்ற இறக்கம் இருக்காது. அந்தத் தொனியில் சொன்னார். குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ஒரு கட்டி வருமாம். வந்தால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கருமணி வெள்ளையாகத் தெரியுமாம். கண்டுபிடிக்கத் தாமதமானால் கண்ணையே எடுக்க வேண்டி வரும், அப்படியே விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி ஒரு குழந்தைக்கு அவரே ஒரு தடவை தலைப் படம் எடுத்திருக்கிறார்.

"ஆனா இந்த லென்ஸ் எல்லா வெள்ளையையும் ஊதிப் பெரிசாக்கிடும்மா. அதான், லென்ஸா, கண்ணான்னு தெரியல. சாதா லென்ஸ்லயும் ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. சின்னதா. நாளைக்கு வெயில் வந்தா இன்னும் ஒரு தடவை—"

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"சனிக்கிழமை."

எழுந்து நின்றேன். ஏழு வருடத்தில் அந்த மனிதரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அதெல்லாம் சும்மா. அன்றுதான் நிஜமாகத் திட்டினேன்.

"ரெண்டு நாளா வச்சிருந்தீங்களா? என் குழந்தை கண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு நாளா லென்ஸ் மாத்தி மாத்தி வெளையாடினீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சடையா இருந்துட்டா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நான் சொல்லி, நீங்க ரெண்டு பேரும் துடிச்சுப்போயி, கடைசியில ஒண்ணுமில்லாத ஒரு நிழலா இருந்துட்டா? ஒரு தடவை நான் அதைப் பண்ணியாச்சும்மா. இன்னொரு தடவை என் கையால வேணாம்."

"சடையா இல்லாம இருந்தா, மாமா?"

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டாணி உள்ளேயிருந்து ஓடி வந்து, நாங்கள் இருவரும் அழுவதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் அழ ஆரம்பித்தாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் எட்டு இடத்துக்குப் போன் செய்தேன். புகார் பிரிவில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. யாரிடம் கெஞ்ச வேண்டும், யாரிடம் குரலை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் "உங்க மேலதிகாரி யாரு?" என்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. குழந்தைகளுக்கென்றே இருக்கிற கண் டாக்டர் ஒருவர், மறுநாள் காலை முதல் ஆளாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். கணவருக்குச் சொன்னேன். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தார். "கிளம்பிட்டேன்" என்றார்.

காலையில் கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கணவரின் விரல் நகத்தில் கிரீஸ் போகவே இல்லை. மாமா ஒரு பழைய எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்தார்; ஐந்து படத்தையும் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருந்தார். பட்டாணிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எரிச்சலில் அவள் போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவள் கத்தவில்லை. தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே இருந்தாள். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவரோடு பேசவில்லை.

டாக்டர் குள்ளமான ஒரு அம்மா. காலில் கான்வாஸ் ஷூ, தலையில் பட்டை கட்டி விளக்கு. மாமா உறையைப் பிரித்துப் படங்களை மேஜையில் வரிசையாக வைத்தார். "நாலு படம் சாஃப்ட் லென்ஸ் டாக்டர், இது ஒண்ணு மட்டும் சாதா. அஞ்சுலயுமே குழந்தை வலது பக்கம் கதவைப் பாத்துட்டு இருக்கு. நேரா பாத்ததுல ஒண்ணுலயும் வரல" என்றார். டாக்டர் அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டார்.

பட்டாணி என் மடியில். டாக்டர் ஒரு உருண்டைக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார். இவள் மீனாகத் துள்ளினாள். தலையை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் முடியவில்லை. "குழந்தை அசைஞ்சா எனக்கு உள்ளே தெரியாதும்மா" என்றார் டாக்டர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவோரம் நின்றிருந்த மாமா கூப்பிட்டார்.

"பட்டாணி. மூச்சை இழு."

அவள் நின்றாள்.

"பிடி. அசையாதே."

இரண்டு கன்னமும் உப்பின. தலை கல்லாக நின்றது. டாக்டர் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை. இடது கண்ணை மேலே, கீழே, ஓரம், மறு ஓரம் என்று பார்த்தார். பிறகு வலது கண். பிறகு மறுபடி இடது கண்ணுக்கு வந்தார். அங்கே ஏன் மறுபடி வருகிறார்? கணவர் என் தோளைப் பிடித்திருந்தார். மறுநாள் பார்த்தபோது ஐந்து விரலும் அங்கே பதிந்திருந்தன.

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "கட்டி இல்ல, புரை இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு."

நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கணவர் பிறகு சொன்னார், நான் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை "நிஜமாவா?" என்று கேட்டேனாம். அவரும் மூன்று தடவை பொறுமையாகப் பதில் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இருப்பது பட்டாணிதான். அவள் இன்னும் கன்னத்தை உப்பியபடியே இருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் மருந்து வழிய, தாத்தா இருக்கும் திசையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். விடச் சொல்லவில்லையே.

மாமாவைப் பார்த்தேன். சொல்லத்தான் பார்க்கிறார். உதடு அசைகிறது, குரல் வரவில்லை. முப்பத்துநான்கு வருடம் நாளுக்கு அறுபது எழுபது பேருக்குச் சொன்ன வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. சட்டையின் முன்பக்கம் ஏறி இறங்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த மனிதர் சனிக்கிழமை மதியத்திலிருந்தே இப்படித்தான் நிற்கிறார்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"மூச்சு விடலாம்" என்றேன். "ரெண்டு பேரும்."

பட்டாணி புஸ்ஸென்று விட்டாள். மாமா சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமாகத்தான் அழுதார். நான் தடுக்கவில்லை. எனக்கு அவரை மன்னிக்கவும் மனம் வரவில்லை, நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கம் அவர் கொடுத்தது. ஆனால் அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின; அவர் தலைமேல் கையை வைத்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் தன் போனை எடுத்தார். "இங்க பாருங்க" என்று பட்டாணியை இடது பக்கம் ஜன்னலைப் பார்க்கச் சொல்லி, ஃப்ளாஷ் போட்டு இரண்டு மூன்று படம் எடுத்தார். ஒன்றைக் காட்டினார். இப்போது வெள்ளை வலது கண்ணில் இருந்தது.

"கண்ணுக்குப் பின்னால நரம்பு நுழையற இடம் ஒண்ணு இருக்கு, அது வெள்ளைதான். மூக்குப் பக்கம் கண்ணு கொஞ்சம் திரும்பி இருக்கறப்ப ஃப்ளாஷ் சரியா அதுமேல பட்டா வெள்ளையாத் திரும்பும். யாருக்கும் வரும். உங்க லென்ஸ் அதை ஊதிப் பெரிசாக்கிடுச்சு. மத்த கண்ணை இப்படித் திருப்பி எடுத்துப் பாக்கலையா நீங்க?"

மாமா முகத்திலிருந்து உறையை எடுத்தார். அப்படியே அசடு வழிந்தது. குழந்தைக்கு ஒரு முழங்கையில் சந்தேகம் என்றால் அடுத்த முழங்கையையும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை மறந்தால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நூற்று நாற்பத்திரண்டு படம் எடுத்த மனிதர், ஒன்றைக்கூட அடுத்த கண்ணுக்கு எடுக்கவில்லை.

"தோணவே இல்ல டாக்டர்" என்றார். "பயம்."

"பயந்தது தப்பில்ல. ரெண்டு நாள் இருந்துட்டு வந்தீங்களே அதுதான் தப்பு. இந்த மாதிரி வெள்ளை தெரிஞ்சா நேரா இங்க வந்துடணும். சடையா கிடையான்னு நாங்க பாத்துக்கறோம்." சடைக் கதையை எப்போது சொன்னோம் என்று எனக்கு ஞாபகமில்லை. என் அழுகைக்கு நடுவில் நான்தான் உளறியிருக்க வேண்டும்.

வெளியே வந்தோம். மூட்டம் விலகி நல்ல வெயில். சொட்டு மருந்தில் கருமணி விரிந்த கண்ணுக்குக் கூசக் கூடாதென்று பட்டாணிக்கு அட்டையில் செய்த கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை அவள் மூக்கு நுனியில் தள்ளிவிட்டுக்கொண்டு, தாத்தாவின் இடுப்பிலிருந்து உலகத்தைப் பார்த்தாள். கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தாத்தாவிடம் ரகசியம் மாதிரிச் சொன்னாள், தெருவுக்கே கேட்டது.

"தாத்தா, அந்த டாக்டர் உன் லென்ஸை எடுத்து என் கண்ணுக்குள்ள போட்டுட்டாங்க."

"அப்படியா? எல்லாம் எப்படித் தெரியுது?"

"புசுபுசுன்னு."

"சரியாப் போயிடும் கண்ணு. சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

"வேணாம்" என்றாள்.

கணவர் வெகுநேரமாக ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தவர், கடைசியில், "பசிக்குது" என்றார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எங்களில் யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். கண் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றேன். முந்தின நாளுக்குப் பிறகு அவரிடம் வீட்டுக் குரலில் பேசிய முதல் வார்த்தை. "அடுத்த தடவை எது தெரிஞ்சாலும் என்கிட்ட சொல்லிடணும். சடையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சேர்ந்தே அழுதுக்கலாம்."

"சொல்லிடறேம்மா" என்றார். "சத்தியமா."

பட்டாணிக்கு இந்தப் பேச்சில் அக்கறை இல்லை. அட்டைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். இரண்டு கையாலும் தாத்தாவின் முகத்தைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றி, மூக்கு, நனைந்த கன்னம் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"ம், பரவாயில்ல" என்றாள்.